கட்டிலுக்கு அடியில் பெனடிக்ட் சார்

கே.கே. நகர் பெனடிக்ட் சார் எங்கள் பாலக்கரைச் சந்துக்கு வந்து, இருதயநாதன் வீட்டு நாடாக் கட்டிலுக்கு அடியில், தரையோடு தரையாக மல்லாந்து கிடந்தார். வெள்ளைச் சட்டையோடு கிடந்தார். நெஞ்சின் மேல் வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு கிடந்தார்.

இதை நான் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. மலைக்கோட்டை எழுந்து போய்த் தெப்பக்குளத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்தது என்று சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். சந்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் காஜா மைதீன், "டீ சூடா இருக்கு பாய், கதையைக் கொஞ்சம் ஆத்திக் குடுங்க" என்றான். என் வீட்டுக்காரி சாரா பீவி, "டெலிபோன் இலாகாவுல லைன்மேனா இருந்த மனுஷன். அந்தப் பக்கம் ஒண்ணு சொன்னா இந்தப் பக்கம் ஒன்பதாத்தான் வரும்" என்றாள். ஒன்பதாக வருவது உண்மைதான். ஆனால் முதலில் அந்த ஒன்று இருந்தால்தானே ஒன்பது?

நம்பாதவர்களுக்கெல்லாம் தலைவர் யார் என்றால், பெனடிக்ட் சாரேதான். "ஹபீபுல்லா பாய்க்கு வயசாயிடுச்சு, பாவம்" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்துச் சொல்வார். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர்.

அவர் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். சட்டைக் கை மடிப்பில் வெண்டைக்காய் நறுக்கலாம். பாலக்கரைக்கு வந்தால் பிளாஸ்டிக் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்காருவார். துடைத்த கைக்குட்டையை மறுபடி பையில் வைக்க மனசில்லாமல் விரலால் பிடித்துக்கொண்டே இருப்பார். முதுகு நாற்காலியில் படாது. "நிமிர்ந்து உட்காருங்கடா" என்று சொல்லிச் சொல்லி ஆயிரக்கணக்கான முதுகெலும்புகளை நேராக்கியவர், தன்னுடையதை இரும்பிலேயே செய்து வாங்கிக்கொண்டார் போலிருக்கிறது. அவருடைய தங்கை அக்னஸ் வாழ்க்கைப்பட்டதோ, நாள் முழுக்க மோட்டாரின் மேல் கவிழ்ந்து கிடக்கும் ஒருவனுக்கு.

இருதயநாதனுக்கு ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் வைண்டிங் கடை. கிரைண்டர், மிக்ஸி, தண்ணி மோட்டார் எது எரிந்தாலும் பழைய காயிலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, முடி மாதிரி செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி மாட்டுவான். இடது கண் சின்ன வயசில் கிட்டிப்புள் பட்டுப் போனது. அது முகத்துக்கு ஜோடி சேர்க்க மட்டும்தான். வலது கண்ணை வைத்துத்தான் பிழைப்பு. அதிலும் மூன்று வருஷத்துக்கு முன்னால் புரை வந்து, ஆபரேஷன் செய்து, லென்ஸ் வைத்தார்கள். "பாய், உங்க தாடியில எத்தன முடி நரைக்கலன்னு இங்கிருந்தே எண்ணுவேன்" என்று பீற்றிக்கொண்டு திரிந்தான்.

கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி போட்டான். மறுபடி துடைத்தான்.

"மூக்குப் பக்கமா ஒரு கறுப்புத் துணி ஏறி வருது பாய்."

"கேக்குல பிராந்தி ஜாஸ்தியா?"

"வெளையாடாதீங்க. நெசமாத்தான்."

அக்னஸ் வாங்கித் துடைத்துக் கொடுத்தாள். அடுத்த வீட்டுக்காரி முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். புத்திசாலிகள் நிறைந்த சந்து அல்லவா. புது வருஷம் பிறக்கும்வரை கண்ணாடியைத் துடைத்தார்கள். கறுப்புத் துணி பாதிக் கண்ணுக்கு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

கண் டாக்டர் பானுமதி பொறுமைசாலி. எங்களிடம் பேசியே அப்படி ஆகியிருப்பார். "கண்ணுக்குள்ள பின்சுவத்துல விழித்திரைன்னு ஒண்ணு ஒட்டியிருக்கு. அதுல கிழிசல் விழுந்திருக்கு. அது வழியா தண்ணி பின்னால போயி, ஒட்டினது உரிஞ்சு வருது. புரை ஆபரேஷன் ஆன கண்ணுல இது கொஞ்சம் கூடுதலா வரும்" என்றார். கிழிசலைச் சுற்றி லேசரால் சூடு வைத்துவிட்டு, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விடப்போவதாகச் சொன்னார். "குமிழி எப்பவும் மேல போய் நிக்கும். நீங்க குப்புறக் கிடந்தாத்தான் பின்சுவரு மேல் பக்கமா வரும். குமிழி அதை அழுத்திப் பிடிச்சுக்கும். தலையைத் தூக்கினீங்கன்னா அது வேற எங்கயாவது போயிடும்."

"கொத்தனாரு ரசமட்டத்துல ஓடுற குமிழி மாதிரிங்களா?" என்றான் இருதயம்.

"அதேதான்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிய வேண்டியவர்கள் வெளியில் இருந்தார்கள்.

எங்கள் ஊரில் உடம்பு சரியில்லாதவனைப் பார்க்கப் போவது என்றால் என்ன தெரியுமா? நாம் பார்ப்பது அல்ல. அவன் நம்மைப் பார்ப்பது. "யாருன்னு தெரியுதா?" என்று நாம் கேட்டு, "தெரியாம என்ன, வாங்க" என்று அவன் சொன்னால்தான் போனதாகக் கணக்கு. இல்லாவிட்டால், "அன்னைக்கு நான் படுத்தப்ப எட்டிக்கூடப் பாக்கல" என்று பிறகு ஒரு கல்யாணத்தில் பேச்சு வரும். ஆகையால் அவன் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக எல்லோரும் வந்தார்கள். வந்த ஹார்லிக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் லூர்து மாதா கோயில் கோபுரத்தை எட்டியிருக்கும். வந்தவர்கள் அத்தனை பேரும் குப்புறக் கிடந்தவன் முதுகில் தட்டி, "யாருன்னு தெரியுதா?" என்றார்கள். கண் ஆபரேஷன் ஆனவனிடம். அவனும் மரியாதைக்காரன். தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். தெரிந்தது வெறும் வெள்ளைப் புகை. "தெரியாம என்ன, வாங்க" என்றான்.

சிகரம் வைத்தது பெனடிக்ட் சார். சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு, கட்டிலைப் பார்த்தார். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்ன மாப்பிள்ளை இது, தண்டனை குடுத்த பையனாட்டம்? எந்திரிங்க."

"டாக்டர் குனிஞ்சே இருக்கச் சொல்லியிருக்காங்கண்ணே" என்றாள் அக்னஸ். அண்ணன் முன்னால் அவள் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும்.

"டாக்டருங்க பத்து மணி நேரம் சொன்னா அஞ்சு மணி நேரம் இருப்போம்னு கணக்குப் போட்டுத்தான் சொல்வாங்க. முப்பது வருஷம் பிள்ளைங்களை மேச்சவன், எனக்குத் தெரியாதா?"

இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார். முதுகை நேராக்கினார். மோவாயை ஒரு விரலால் உயர்த்திவிட்டார். டீ வந்து, குடித்து, டம்ளரைக் கீழே வைக்கும்வரை ஒழுக்கம், மன உறுதி, தலை நிமிர்ந்து நிற்பது ஆகியவை பற்றிப் பேசினார். இருதயம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க மச்சான், ஆமாங்க மச்சான்" என்றான். கண்ணுக்குள் அந்தக் குமிழி எந்த மூலையில் போய் உட்கார்ந்திருந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

மாசி பிறந்ததும் கறுப்புத் துணி திரும்ப வந்தது.

டாக்டர் பானுமதி வெகுநேரம் பார்த்தார். "உள்ள சவ்வு வளந்து, சுருங்கி, விழித்திரையை இழுத்திருக்கு. ஏற்கெனவே ரெண்டு தடவை கைவச்ச கண்ணு. ஒவ்வொரு தடவையும் வேலை கஷ்டமாகிட்டே போகும். இந்த முறை சவ்வை உரிச்சு எடுத்துட்டு, கண்ணைச் சுத்தி வெளியில ஒரு பட்டை கட்டி, உள்ள வாயுவுக்குப் பதிலா சிலிக்கான் எண்ணெய் வைக்கப் போறேன். எண்ணெயும் மேல மிதக்கும். அதனால மறுபடியும் குப்புறத்தான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி அக்னஸிடம், "இது விட்டா அடுத்து பெருசா செய்ய ஒண்ணும் இருக்காதும்மா. நல்லா மனசுல வச்சுக்குங்க" என்றார்.

பெனடிக்ட் சார் அன்றைக்கு வந்திருந்தார். வராந்தாவில் டாக்டரை மடக்கினார்.

"நடுவுல அவர் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தார். அதனாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்ல முடியுமா டாக்டர்?"

"அதனாலதான்னு சொல்ல முடியாது சார். அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது."

முதல் பாதியைக் கேட்டதும் அவர் காது மூடிக்கொண்டது. "பாத்தியா அக்னஸ், டாக்டரே சொல்லிட்டாங்க" என்று வீட்டுக்கு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். அக்னஸ் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது எங்களுக்கு நோன்பு, அவர்களுக்குத் தவக்காலம். இரண்டும் ஒன்றாக வந்த வருஷம். சந்தில் பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதில்லை, மீதிப் பேர் கறி தின்பதில்லை. மேலே பங்குனி வெயில். திருச்சி வெயிலைப் பற்றி நான் மிகைப்படுத்திச் சொல்ல ஒன்றும் இல்லை, அதுவே மிகையாகத்தான் அடிக்கும். எங்கள் சந்தில் அப்பளத்தைப் பொரிக்க வேண்டாம், மாடியில் காட்டினால் போதும்.

கட்டிலைச் செய்தது நான்தான். தலைமாட்டில் நாலு வரிசை நாடாவைப் பிரித்து, முகம் மட்டும் நுழைகிற அளவுக்கு வட்டமாக இடம் விட்டு, ஓரத்தைப் பழைய போர்வையால் சுற்றித் தைத்தேன். நெற்றிக்கு ஒரு பட்டை, கன்னத்துக்கு ஒரு பட்டை. கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினேன். சீலிங் ஃபேன் காற்று முதுகில் படும், முகத்துக்கு வராது என்று அக்னஸ் டேபிள் ஃபேனைத் தரையில் வைத்தாள். சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து சாரா பீவி நோன்புக் கஞ்சி வாங்கி வருவாள். அதை இன்னும் தண்ணியாக்கி, டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, ஸ்ட்ரா போட்டுவிடுவோம். மேலிருந்து உறிஞ்சுவான். கஞ்சியில் கிடக்கும் கறித்துண்டு ஸ்ட்ராவில் அடைத்துக்கொள்ளும். "தவக்காலத்துல கறி வேணாம்னு உங்க கஞ்சிக்கே தெரியுது பாய்" என்று குரல் ஓட்டைக்குள்ளிருந்து வரும்.

அக்னஸ் தையல் மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஈஸ்டருக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் மலையாகக் கிடந்தன. ஊசியில் ஒரு கண், புருஷன் பிடரியில் ஒரு கண். பிடரி கொஞ்சம் அசைந்தால் மிதிப்பது நிற்கும். அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டதும் மெஷின் மறுபடி ஓடும்.

விருந்தாளிகள் சும்மா இருப்பார்களா?

"எண்ணெய் வச்சிருக்காங்களாமே, என்ன எண்ணெய்?" என்றார் ஒருவர். "நல்லெண்ணெயா இருந்தாக் குளிர்ச்சி."

"விளக்கெண்ணெய்ங்க" என்றேன் நான். "மரச்செக்குல ஆட்டினது."

"அப்பச் சரி" என்று திருப்தியாகப் போனார். இந்த மாதிரி ஆட்கள் ஓட்டுப் போட்டுத்தான் நமக்கு கவுன்சிலர்கள் வருகிறார்கள்.

அவர்களைக்கூடச் சமாளிக்கலாம். "யாருன்னு தெரியுதா?" கோஷ்டியை என்ன செய்வது? அக்னஸ் கெஞ்சினாள். நான் திட்டினேன். கேட்டார்களா? முகத்தைப் பார்க்காமல் போனால் என்னவோ போல் இருக்கிறதாம். வழி காட்டியவர் ஸ்ரீரங்கத்து சௌரிராஜன்.

அவர் இருதயத்தின் வாடிக்கைக்காரர். சித்திரை வீதியில் வீடு. பளிச்சென்று நாமம். அன்பு பொங்கித்தான் வந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வீட்டு கிரைண்டர் மோட்டார் சாத்தார வீதிக் கடைக்குள் பூட்டிக் கிடந்தது.

"நாதா, அடியேன் வந்திருக்கேன்."

"வாங்க சாமி. கிரைண்டர்தானே?"

"அதுக்காக வரலை. உம்மைச் சேவிச்சுட்டுப் போலாம்னுதான். இருந்தாலும் கேக்கறேன், எந்தக் காயில் போச்சு? ஆத்துல பத்து நாளா மாவு வாங்கி இட்லி. நேக்கு ஒத்துக்கலை." பையிலிருந்து எரிந்த காயில் ஒன்றை எடுத்தார். கடையின் பக்கத்து டைலரிடம் சாவி வாங்கித் திறந்து எடுத்து வந்திருக்கிறார் மனுஷர். "இதுவா பாரும்."

"தலையைத் தூக்கக் கூடாதுங்க சாமி."

"நீர் ஏன் தூக்கணும்?" என்று சொல்லிவிட்டு, மேல்வேட்டியைத் தரையில் விரித்தார், படுத்தார், முதுகால் நகர்ந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். நானும் அக்னஸும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "எங்க பெருமாளே காலங்காலமா கிடந்துண்டுதான் இருக்கார். அடியேன் கிடந்தா குடிமுழுகிப் போயிடுமா? பாரும் நாதா, இது ரன்னிங் காயிலா, ஸ்டார்ட்டிங் காயிலா?"

"எனக்கு ஒரே கலங்கலாத் தெரியுதுங்க சாமி. எதுவா இருந்தாலும் வேற ஆள்கிட்ட குடுத்துருங்க."

"வேற ஆளா? நீர் எழுந்து வாரும். அதுவரைக்கும் மாவு இட்லி." அதைச் சொன்னபோது மட்டும் அவர் குரலில் கிரைண்டர் இல்லை.

அவர் போனதும் அக்னஸ் தரையைப் பெருக்கித் துடைத்து, ஒரு கோரைப்பாயை விரித்துப் போட்டாள். அன்றிலிருந்து சட்டம் வந்தது. பார்க்க வேண்டுமா, படு. பங்குச் சாமியார் படுத்து மந்திரித்தார். அல்ஷிஃபா மெடிக்கல் ஷாப் உஸாமா படுத்து மருந்துச் சீட்டை வாசித்துக் காட்டினான். வார்டு கவுன்சிலர் படுத்தார், கூட வந்தவன் நின்றுகொண்டு போட்டோ எடுத்தான், கவுன்சிலர் கால் மட்டும் விழுந்தது. வரிசை சந்தைத் தாண்டி பிரபாத் ரவுண்டானா வரைக்கும் நின்றது என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சரி, காஜா மைதீன் கடை வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் பெனடிக்ட் சார் வந்தார். மத்தியானம். சந்தில் நாய்கூட இல்லை. கையில் பித்தளைத் தட்டு, வெற்றிலை, கொட்டைப் பாக்கு, ஆரஞ்சுப் பழம், மேலே கல்யாணப் பத்திரிகை. அவர் மகள் ஜென்சிக்கு ஈஸ்டர் முடிந்து கல்யாணம். முதல் பத்திரிகை அத்தை வீட்டுக்கு. நான் கட்டிலின் கால்மாட்டில் தளர்ந்த நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்னஸ், மாப்பிள்ளையை எழுந்திரிக்கச் சொல்லு."

மெஷின் நின்றது. "குடுங்கண்ணே, நான் வாங்கிக்கிறேன்."

"புருஷனும் பெண்டாட்டியும் சேந்து நின்னு வாங்கணும். குப்புறக் கிடக்குறவர் முதுகுலயா வச்சுட்டுப் போறது?"

"இருங்க மச்சான், எந்திரிக்கிறேன்" என்றான் கட்டிலில் கிடந்த மடையன். "ஒரு நிமிஷம்தானே அக்னஸு. ஜென்சி பத்திரிகை." பிடரி எழும்பியது. அக்னஸ் பாய்ந்து போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, இடியாப்பம் பிழிகிற மாதிரி அழுத்தினாள்.

"விடு அக்னஸு. மரியாதை இல்ல."

"போன தடவையும் மரியாதைக்குத்தான் எந்திரிச்சீங்க."

பெனடிக்ட் சாருக்குச் சுருக்கென்றது. "போன தடவைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? டாக்டரே சொல்லிட்டாங்க."

"அதனால இல்லைன்னும் சொல்ல முடியாதுன்னாங்க. நானும் பக்கத்துலதாண்ணே நின்னேன்."

"என்னையே எதுத்துப் பேசுறியா?"

"இல்லண்ணே." அவள் குரல் நடுங்கியது, கை நடுங்கவில்லை. "பாக்கணும்னா கீழ படுத்துப் பாருங்கன்னு சொல்றேன். பாய் விரிச்சிருக்கு."

"நானா?"

"ஸ்ரீரங்கத்துச் சாமியே படுத்தாருங்க சார்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க பாய்."

போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போனால் அதோடு அண்ணன் தங்கை பேச்சு முடிந்தது, அவள் கல்யாணத்துக்கும் போக முடியாது. அக்னஸுக்கும் அது தெரியும். கையை எடுக்கவில்லை.

ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மச்சான், எனக்கு இப்ப ஒண்ணும் தெரியாது. நீங்க நின்னாலும் கலங்கல்தான், படுத்தாலும் கலங்கல்தான். ஆனா ஜென்சி மூஞ்சியை ஒரு நாள் நல்லாப் பாக்கணும். அதுக்குத்தான் கெடக்குறேன். இவ அமுக்குறதுல கழுத்து வலிக்குது. ஏதாவது ஒண்ணு செய்ங்க."

பெனடிக்ட் சார் வாசலைப் பார்த்தார். போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலைச் சாத்தினார். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அத்தனை நீளக் கோரைப்பாயின் ஒரு மூலையில், சுருக்கமில்லாமல் விரித்தார். ஆறடி மனுஷனுக்கு ஒரு சாண் துணி. முதலில் ஒரு முட்டி, அப்புறம் இன்னொரு முட்டி. அந்த இரும்பு முதுகு மடங்கியபோது கேட்ட சத்தம் பொன்மலை வரைக்கும் கேட்டிருக்கும். தலையைக் கைக்குட்டையில் வைத்து, தட்டை நெஞ்சில் வைத்து, குதிகாலை உதைத்து உதைத்து உள்ளே நகர்ந்தார்.

அங்கே முகத்துக்கு நேர் மேலே முகம். இருதயத்தின் முகம் ஊறின அப்பம் மாதிரி வீங்கிக் கிடந்தது. கண் ரத்தச் சிவப்பு. மூக்கு நுனியில் ஒரு சொட்டு திரண்டு, ஆடி, பெனடிக்ட் சார் கண்ணாடியில் விழுந்தது. கண்ணீரா, எச்சிலா, முந்தின நாள் கஞ்சியா, யார் கண்டது? அவர் துடைக்கவில்லை. கைக்குட்டை தலைக்கு அடியில் இருந்தது.

டேபிள் ஃபேன் கடகடத்தது.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மச்சான்."

"அன்னைக்கு நான் தூக்கியிருக்கக் கூடாது."

"அத விடுங்க. பத்திரிகையைக் குடுங்க." இருதயத்தின் கை கட்டில் சட்டத்துக்கு வெளியே இறங்கித் துழாவியது. அக்னஸும் குனிந்து ஒரு கையை நீட்டினாள். சேர்ந்துதான் வாங்கினார்கள். தட்டு சரிந்து, கொட்டைப் பாக்கெல்லாம் அறை முழுக்க ஓடியது.

படுத்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. டெலிபோன் கம்பம் நட்டுப் பழகின கை என்பதால் நான் இழுத்து நிறுத்தினேன். முதுகுப் பக்கம் கோரை வரி வரியாகப் பதிந்திருந்தது. வாசலில் நின்று, "பாய், இது வெளிய போகக் கூடாது" என்றார்.

"எது சார்?"

"நல்லது."

சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. நோன்பு நாளில் அதற்கு மேல் ஒரு மனுஷனை வதைக்கக் கூடாது.

அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். அவர் மறுத்தார். சும்மா மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டே மறுத்தார். "பாய் வெறும் வயித்துல வெயில்ல நின்னிருக்காரு" என்றார். ஹெட்மாஸ்டர் சொல்லும் லைன்மேன் சொல்லும் ஒன்றாகுமா? அக்னஸைக் கேட்டால், "ஜாக்கெட் அளவு சொல்லுங்க" என்பாள். இருதயத்தைக் கேட்டால், "நான் குப்புறக் கெடந்தேன், எனக்கு என்ன தெரியும்" என்பான். கல்யாணப் பந்தியில் ஒரு மேஜை முழுக்க என்னைச் சுற்றிச் சிரித்தது. நான் பிரியாணியைத் தின்றுகொண்டு எல்லாரையும் மனசுக்குள் சபித்தேன்.

கல்யாணத்துக்கு இருதயம் தடித்த கண்ணாடியோடு வந்திருந்தான். "மூஞ்சி தெரியல பாய். வெள்ளையா, உசரமா நின்னா. எண்ணெய் எடுத்தப்புறம் பாத்துக்கிறேன்" என்றான்.

எண்ணெயை எடுத்தது ஐப்பசியில். டாக்டர் பானுமதி அக்னஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இத்தனை நாள் விழித்திரையை எண்ணெய் தாங்கிப் பிடிச்சுது. இனிமே விழித்திரை சொந்தக் கால்ல நிக்கணும். சில பேருக்கு இப்பத்தான் மறுபடி உரியும். உள்ள காத்து வச்சிருக்கேன். இந்த வாரம் தலையைத் தூக்காம பாத்துக்குங்க. இதுதான் கடைசி." இருதயம் மறுபடி கட்டிலுக்குப் போனான். நான் மறுபடி நாடாவைப் பிரித்தேன், அக்னஸ் மறுபடி கோரைப்பாயை விரித்தாள். வெளியே மழை. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் செருப்புகள் படகு விட்டன. மழையைச் சாக்கிட்டு விருந்தாளிகள் வரவில்லை. நிம்மதியாக இருந்தோம்.

அன்றைக்குப் பார்த்து ஜென்சியின் மாமனார் ஆசீர் வந்தார். பெரிய கான்ட்ராக்டர். கார் சந்துக்குள் நுழையாத கோபம் முகத்தில் இருந்தது, பேண்ட்டின் அடிப்பாகம் நனைந்த கோபம் காலில் இருந்தது. பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு பெனடிக்ட் சார். தன் தலை நனைவதுகூடத் தெரியாமல் சம்பந்தி தலைக்குப் பிடித்திருந்தார். பெண்ணைக் கொடுத்துவிட்டால் ஹெட்மாஸ்டர் முதுகும் குடைக் கம்பி மாதிரி வளையும் போலிருக்கிறது.

"என்ன சார், யாருன்னு தெரியுதா?" என்றார் ஆசீர், முதுகில் தட்டி.

"தெரியாம என்ன, வாங்க சம்பந்தி" என்றான் இருதயம் தரையைப் பார்த்து.

"தரைகிட்ட பேசுறீங்க. கல்யாணத்துலயும் நம்மளை நிமுந்து பாக்கல. எங்க வீட்டுல எல்லாரும் கேட்டாங்க, என்ன பொண்ணோட மாமாவுக்கு நம்ம மேல கோவமான்னு."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க" என்றாள் அக்னஸ். பதறிவிட்டாள். அண்ணனை அதட்டியவள் இவரை அதட்ட முடியுமா? ஜென்சி அந்த வீட்டில் அல்லவா சோறு தின்கிறாள். "டாக்டர் சொல்லியிருக்காங்க, இந்த வாரம் மட்டும்..."

"டாக்டர் சொல்வாங்கம்மா. ரெண்டு நிமிஷம் உக்காந்து பேசினா ஒண்ணும் ஆயிடாது." ஆசீர் குனிந்து இருதயத்தின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தார். பாறை மாதிரிக் கை. அக்னஸ் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை.

"பாக்கணும்னா கீழ படுத்துத்தாங்க பாக்கணும்" என்றேன் நான். "இந்த வீட்டுச் சட்டம். எல்லாரும் படுத்தாங்க. உங்க சம்பந்தியே படுத்தாரு."

ஆசீர் கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். கட்டில் ஆடுகிற மாதிரி சிரித்தார். "யாரு, இவரா? உக்காருற நாற்காலியைத் துடைக்கிறவரு, இந்தத் தரையில படுத்தாரா? கேட்டீங்களா சம்பந்தி, பாய் சொல்றத. நீங்க படுத்தீங்களாமே?"

பெனடிக்ட் சார் ஈரக் குடையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போதும் சிரிக்கிற சிரிப்பு உதட்டோரம் வரை வந்தது. எனக்கு வயசாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சம்பந்தி முன்னால் மானம் தப்பிவிடும். ஆசீரின் கை தோளைத் தூக்க ஆரம்பித்தது. இருதயத்தின் நெற்றி பட்டையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. பெனடிக்ட் சார் அதைப் பார்த்தார். குடை கீழே விழுந்தது.

"கையை எடுங்க சம்பந்தி" என்றார். வகுப்பில் பேசும் குரல். ஆசீர் எடுத்துவிட்டார்.

"பாய் சொல்றது நெசம். நான் படுத்தேன். அதோ, அந்தப் பாயிலதான்."